உருகாத உரோமம்

ஆண்டின் கடைசி நாள் பிற்பகல், ஹம்பேர்க்கில் என் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு வாணம் என் கழுத்துக்குள் புகுந்தது.

அன்று காலையிலிருந்தே நகரம் வெடித்துக்கொண்டிருந்தது. சில்வெஸ்டர் என்று இங்கே அந்த நாளைச் சொல்வார்கள். நள்ளிரவுக்குத்தான் வாணம் விட வேண்டும் என்று பெயர். ஆனால் பகல் முழுக்கக் குப்பைத் தொட்டிக்குள்ளும் பேருந்து நிறுத்தத்திலும் வெடி போட்டுக்கொண்டே இருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் சிறுமியாக இருந்தபோது கேட்ட சத்தங்களை இது நினைவுபடுத்துமா என்று ஜெர்மன் சக ஓட்டுநர்கள் கேட்பதுண்டு. எனக்கு அப்படி எதுவும் வருவதில்லை. இது இந்த ஊரின் சத்தம். பழகிவிட்டது.

வீதியின் நடுத்திட்டில் நாலைந்து ஆண்கள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாணம் செருகிய போத்தலைக் கையில் சரித்துப் பிடித்திருந்தான். விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்தேன். வாணம் தரையை உரசிக்கொண்டு வந்து, நடைபாதை விளிம்பில் முட்டி மேலெழுந்து, என் ஜாக்கெட்டின் தொப்பிக்கும் கழுத்துக்கும் இடையில் சிக்கியது. யாரோ இடது தோளில் ஓங்கிக் குத்தியதுபோல இருந்தது. வெளிச்சம் அதற்குப் பிறகுதான்.

நான் போட்டிருந்தது பஞ்சுபோல மென்மையான பிளீஸ் ஜாக்கெட். மலிவானது, பாரமில்லாதது, தோய்த்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இந்த நாட்டில் பாதிப்பேர் அதைத்தான் போடுகிறார்கள். அது துணி எரிவதுபோல எரியவில்லை. உருகி ஓடியது. கொதித்த சர்க்கரைப் பாகை யாரோ தோளில் ஊற்றியதுபோல அது தோலில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கியது. வலது கையால் பிய்த்தேன். நூல் நூலாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, வந்த இடமெல்லாம் என் தோலும் வந்தது.

மூலையில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர் ஓடிவந்து என் காலைத் தட்டி விழுத்தினார். ஈரப் பனிச் சேற்றில் என்னைப் புரட்டி, தன்னுடைய கனத்த கோட்டைக் கழற்றி என்மேல் போட்டு அடித்தார். உண்மையாகவே அடித்தார். அவருடைய கை விழுந்த இடங்கள் பிறகு வாரக்கணக்கில் நீலமாக இருந்தன. அந்த அடிதான் என்னைக் காப்பாற்றியது. நடுத்திட்டில் நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். ஓடுவதற்கு முன் ஒருவன் கைபேசியில் படம் பிடித்தான் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் யாரையும் பிடிக்கவில்லை. விசாரணையை நிறுத்திவிட்டதாகக் காவல்துறை அறிவித்தபோது நான் அதிசயப்படவும் இல்லை.

வைத்தியசாலையில் தீக்காயப் பிரிவு தனியாக இருந்தது. அங்கே ஒரு எஃகு மேசை. அதில் படுக்கவைத்து, மேலிருந்து வெந்நீர் விட்டு, இறந்த தோலைக் கழுவி எடுப்பார்கள். வலி தெரியாமலிருக்க மருந்து தருவார்கள், ஆனாலும் தெரியும். முதல் நாள் அந்த மேசையில் வைத்து ஒரு பெண் மருத்துவர் சிறிய இடுக்கியால் என் தோளிலிருந்து கறுப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். கிண்ணத்தில் விழும்போது அவை டிக் டிக் என்று சத்தம் போட்டன.

“என்ன அது?” என்று கேட்டேன்.

“உங்கடை ஜாக்கெட்,” என்றார் மருத்துவர். ஜெர்மன் மொழியில் சொன்னதைத்தான் என் தமிழில் எழுதுகிறேன். “இது துணியில்லை, பிளாஸ்டிக். சூட்டிலை உருகித் தோலுக்குள்ளை போகும். ஆறினதும் தோலோடை சேர்ந்து இறுகும். எடுக்காமல் விட ஏலாது.”

இரண்டு தாதிகள் என் கைகளையும் கால்களையும் பிடித்திருந்தார்கள். இன்னொரு துண்டை அவர் இழுத்தபோது, என் வாய்க்கருகில் இருந்த ஒரு தாதியின் கையை நான் கடித்துவிட்டேன். கையுறைக்கு மேலாகக் கடித்தேன், விட முடியவில்லை. அவள் என் தாடையைப் பிடித்து அழுத்தித் தன் கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடியும் என்னைப் பிடித்தாள்.

என் அறையில் இன்னொரு கட்டிலில் அறுபது வயதை நெருங்கிய ஒரு ஜெர்மன் பெண் படுத்திருந்தார். அதே சில்வெஸ்டர் மாலையில் ஹம்பேர்க்குக்குத் தெற்கே இருக்கிற லூனபேர்க் ஹைடே பக்கமிருந்து ஹெலிகொப்டரில் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கிக் கண்கள் கோடாகிப் போயிருந்தன. முன்பக்கத் தலைமயிர் இல்லை. இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுப்போட்டுப் பெரிய வெள்ளைப் பொதிகளாகக் கிடந்தன. அவர் பேசத் தொடங்கியபோது நான் ஒரு வாரத்து வலியில் இருந்தேன். யாருடைய கதையையும் கேட்கிற மனம் இல்லை. ஆனால் அவரால் ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது. எனக்கு வலது கை இருந்தது. தாதிகள் ஓடித் திரிகிற நேரங்களில் அவருக்குத் தயிரும் சூப்பும் ஊட்டிவிடத் தொடங்கினேன். ஊட்டுகிறபோது அவர் சொன்னார்.

அவர் அல்பாக்கா வளர்ப்பவர். தென்னமெரிக்க மலைகளில் இருந்து வந்த, ஒட்டகத்துக்கு உறவான மிருகம். ஆட்டைவிடப் பெரிது, கழுத்து நீளம், உடம்பு முழுக்க அடர்ந்த உரோமம். பக்கத்து வீட்டுக் கொண்டாட்டத்திலிருந்து வந்த வாணம் ஒன்று அவருடைய வைக்கோல் கொட்டகைமேல் விழுந்தது. கொட்டகையை ஒட்டித்தான் தொழுவம்.

“நெருப்பைக் கண்டால் ஓடும் எண்டு நினைப்பியள். ஓடாது. மூலைக்குள்ளை போய் ஒண்டோடை ஒண்டு நெருங்கி நிக்கும். ஒவ்வொண்டாக் கழுத்திலை பிடிச்சு இழுக்க வேண்டியிருந்துது. கூரையிலை போட்டிருந்த தார்த் தாள் எரிஞ்சு எரிஞ்சு சொட்டினது. குட்டித்தாச்சியளை, வயித்திலை குட்டியோடை நிண்டதுகளை, என்னாலை எடுக்க ஏலாமல் போச்சு. அவையின்ரை சத்தம்… அல்பாக்கா கத்திறதைக் கேட்டிருக்கிறியளோ?”

“இல்லை.”

“கேக்காதையுங்கோ.”

மரச்சட்டம் ஒன்று அவருடைய முதுகில் விழுந்திருக்கிறது. எரிகிற தார் தோளில் சொட்டியிருக்கிறது. ஒருநாள் தாதி திரையை முழுதாக இழுக்காமல் அவரைத் துடைத்தபோது அந்த முதுகைப் பார்த்தேன். சட்டம் விழுந்த இடத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு நீளக் காயம். அவ்வளவுதான். ஒரு கொப்புளம்கூட இல்லை. வெள்ளையாக, முழுதாக, ஒரு முதுகு. அந்த முதுகைப் பார்த்து எனக்கு வந்த கோபம், போத்தலைச் சரித்துப் பிடித்தவன்மேல்கூட எனக்கு வரவில்லை.

“எப்படி?” என்று கேட்டேன். என் குரல் நல்லபடியாக இருந்திருக்காது.

அவர் உடனே விளங்கிக்கொண்டார். “நீங்கள் என்ன போட்டிருந்தனீங்கள்?”

“பிளீஸ்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நான் என்ரை மிருகங்களின்ரை மயிரிலை பின்னின தடிச்ச நீளச் சட்டை போட்டிருந்தன். முதுகுப்பக்கம் முழுக்கக் கருகிப்போச்சாம். ஆனா மயிர் உருகாது. கருகும், நெருப்பு விலகினால் தானா அணையும். அதுக்குள்ளை நான் வெளியிலை வந்திட்டன்.”

அது அல்பாக்காவுக்கு மட்டுமுள்ள குணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். செம்மறியாட்டுக் கம்பளியும் அப்படித்தான் என்றார். சட்டை தடிப்பாக இருந்ததும் அதிர்ஷ்டமும் சேர்ந்தது என்றார். “ஆனா ஒண்டு சொல்லலாம். அவவின்ரை முதுகிலையிருந்து நான் ஒண்டையும் பிடுங்கி எடுக்கேல்லை.”

தொடையிலிருந்து தோலெடுத்து என் தோளிலும் கழுத்திலும் மேற்கையிலும் ஒட்டினார்கள். மாசி மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில்தான் உடம்போடு சண்டை தொடங்கியது. ஒட்டிய தோல் வியர்ப்பதில்லை. அது வியர்க்காததற்கும் சேர்த்து மற்ற இடங்கள் வியர்த்தன. தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான ஒரு அழுத்த உடை தந்திருந்தார்கள். அது முடிகிற கழுத்து விளிம்பில் எது பட்டாலும் தீப்போல இருந்தது. பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து, ஒட்டிக்கொண்டு, பிறகு பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. கணவர் செம்மறிக் கம்பளியில் ஒன்று வாங்கி வந்தார். கழுத்தில் எறும்புப் புற்றைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. ஐந்து நிமிடத்தில் கழற்றிச் சுவரில் எறிந்தேன். சொறியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சொறிய முடியாததால் என் தொடையை நகத்தால் கீறினேன், கதவை உதைத்தேன். ஒருநாள் சோற்றுக் கோப்பையைச் சமையலறைத் தரையில் போட்டுடைத்துவிட்டு, துண்டுகளின் நடுவே நின்று அழுதேன்.

பங்குனியில் அந்த அல்பாக்கா அம்மா தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் கருவியைக் காதருகே பிடித்துக்கொண்டிருக்க, அவர் பேசினார். நான் கம்பளி பற்றிச் சொன்னேன்.

“செம்மறி மயிரிலை எண்ணெய்ப் பிசின் இருக்கும். சில பேருக்கு அதுவும் ஒத்துவராது. மயிரின்ரை மேற்பக்கமும் சிராய் சிராயா இருக்கும். அல்பாக்காவிலை பிசின் இல்லையெண்டே சொல்லலாம். மேற்பக்கமும் வழவழப்பு. நல்ல பகுதியா இருந்தால் குத்தாது. கடையிலை வாங்கிறதெண்டால் கவனம், அல்பாக்கா எண்டு எழுதிப்போட்டு பிளாஸ்டிக்கைக் கலந்து விப்பாங்கள். ஒரு நூலை இழுத்து எரிச்சுப் பாருங்கோ. பிளாஸ்டிக் எண்டால் உருண்டு மணி மாதிரி இறுகும். மயிரெண்டால் தலைமயிர் கருகின மணம் வரும், விரலாலை நசிச்சால் தூளாப்போகும்.”

கிறிஸ்துமஸ் நேரத்து நத்தார்ச் சந்தையில் கணவர் எனக்கு வாங்கித் தந்த போர்வை ஒன்று அலுமாரியில் இருந்தது. அல்பாக்கா என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். சாமித் தட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். கழுவுதொட்டிக்கு மேல் நூலைப் பிடித்துப் பற்றவைத்தேன். நூல் சுருண்டு, உருண்டு, கறுப்பு மணியாகித் தொட்டியில் விழுந்தது.

டிக்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் இழுத்துப் போட்டேன். கல்யாண வீடுகளுக்குக் கட்டிய பொலியெஸ்டர் சேலைகள், கணவரின் காற்சட்டைகள், பான் நகரத்தில் படிக்கிற மகள் விட்டுப்போன ஓட்ட உடுப்புகள், யன்னல் திரை. தையல் கத்தரிக்கோலை வலது கையில் எடுத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினேன். இடது கை தூக்க முடியாததால் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். வாயால் கிழித்தேன். நான் கத்திக்கொண்டிருந்தேன் என்று கீழ்வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

கணவருக்கு ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் வேலை, மதியத்தோடு வந்துவிடுவார். அறை வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சரும், என்ன செய்யிறீர்? கத்திரிக்கோலைத் தாரும்.”

“கிட்ட வராதையுங்கோ.”

“அது மகளின்ரை உடுப்பு.”

“அவளும் எரிய வேணுமோ? சொல்லுங்கோ! அவளின்ரை தோளிலையும் இதை உருக்கி ஊத்தவோ?”

அவர் எட்டிப் பிடித்தார். நான் விடவில்லை. இரண்டு பேரும் கட்டிலில் விழுந்தோம். என் தோள் மடங்கியது. அந்த வலியில் கையை உதறினேன். கத்தரிக்கோலின் முனை அவருடைய இடது உள்ளங்கையில் ஏறியது. அவர் சத்தம் போடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். இரத்தம் மாம்பழ மஞ்சள் சேலையில் விழுந்தது. அந்தத் துணியில் ஊறாமல், உருண்டு வழிந்து மடிப்புகளில் தேங்கியது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரை அல்ல.

அவசர சிகிச்சையில் தையல் போட்டார்கள். கேட்டவர்களிடம் இறைச்சி வெட்டும்போது கத்தி வழுக்கியது என்றார். மகள் பானிலிருந்து ரயிலில் வந்தாள். அறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

“அம்மா, உங்களுக்குத் தெரபி வேணும்.”

“எனக்குத் தெரியும். டெர்மினுக்கு நாள் கேட்டிருக்கிறன். கோடைக்குத்தான் கிடைக்குமாம்.”

“அதுவரைக்கும்?”

நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் தன் கட்டுப்போட்ட இடது கையைத் தூக்கி, என்னுடைய இடது கையைக் காட்டினார். “அதுவரைக்கும் என்ன, ரெண்டு பேருக்குமாச் சேர்த்து ரெண்டு நல்ல கை இருக்குத்தானே. சமாளிப்பம்.”

மகள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், வாணம் பட்ட பிறகு முதல்முறையாக.

வைகாசியில் அல்பாக்கா அம்மா மறுபடியும் அழைத்தார். உரோமம் வெட்டுகிற நாள் வருகிறது, கையுதவிக்கு ஆள் வேண்டும், வர முடியுமா என்றார். அரைகுறைக் கைகளோடு நாங்கள் இரண்டு பேரும் காரில் போனோம்.

எரிந்த கொட்டகை இருந்த இடத்தில் கறுப்பு நிலம். பக்கத்தில் புதிய தகரத் தொழுவம். அவருடைய முகம் மினுமினுப்பாக, இறுகிய இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. விரல்கள் உள்ளே வளைந்து பறவை நகம்போல நின்றன. என்னைக் கட்டிப்பிடிக்காமல், என் வலது தோளில் தன் நெற்றியை வைத்தார்.

ஊர் ஊராகப் போய் உரோமம் வெட்டுகிற இரண்டு ஆண்கள் வந்திருந்தார்கள். அழகான ஒரு காரியத்தை எதிர்பார்த்துத்தான் நான் போயிருந்தேன். அது அப்படி இல்லை. மிருகத்தைப் பாயில் சரித்து விழுத்தி, முன்கால்களை ஒரு கயிற்றிலும் பின்கால்களை இன்னொரு கயிற்றிலும் கட்டி, இரண்டு பக்கமும் இழுத்து நீட்டினார்கள். அசைந்தால் இயந்திரக் கத்தி தோலை அறுத்துவிடும் என்பதால் அப்படி. துப்பாமலிருக்க மூக்கில் ஒரு காலுறையை மாட்டினார்கள். முதலாவது பெட்டை கத்தியது. மனிதக் குரலுக்கும் இரும்பு இரும்பில் உரசுகிற சத்தத்துக்கும் இடைப்பட்ட கத்தல். தொழுவத்தில் அவர் கேட்ட சத்தம் இதுதான் என்று விளங்கியது.

“தலையைப் பிடியுங்கோ,” என்றார் அவர். “என்ரை கையாலை ஏலாது.”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எஃகு மேசையும் நாலு கைகளும் கண்ணுக்குள் வந்தன. “அதுக்கு நோகுது.”

“நோகேல்லை. பயம்தான்.”

“எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “எனக்கும்தான் சொன்னவை. இந்த மயிரோடை கோடையை விட்டால் இது சூட்டிலை விழுந்து சாகும். நீங்கள் பிடிக்காட்டி ஆட்டும், கத்தி வெட்டும். பிடிக்கிறியளோ, இல்லையோ?”

முழங்காலில் இருந்து அந்தத் தலையைப் பிடித்தேன். கழுத்து நரம்பு என் உள்ளங்கையில் துடித்தது. காலுறையை மீறிப் பச்சைச் சாறு என் மடியில் வழிந்தது. கண் என்னையே பார்த்தது. கத்தல் நிற்கவில்லை; ஆனால் நான் அழுத்திப் பிடிக்கப் பிடிக்க உடம்பு அசையாமல் கிடந்தது. ஒரு கீறல்கூட விழவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் துள்ளி எழுந்து, மெலிந்த கால்களோடு ஓடிப்போய்ப் புல்லைத் தின்னத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த எல்லாத் தலைகளையும் நானே பிடித்தேன்.

வெட்டிய உரோமத்தைக் கணவர் மேசையில் விரித்துத் தரம் பிரித்தார். அவருடைய கை ஓரளவு ஆறியிருந்தது. முதுகும் விலாவும் ஒரு குவியல், கழுத்தும் காலும் இன்னொரு குவியல். காலில் உள்ளது தடித்த மயிர், அது யாருக்கும் குத்தும், கால்மிதிக்கும் தலையணைக்கும்தான் நல்லது என்று அல்பாக்கா அம்மா சொன்னார். முதுகு உரோமத்திலிருந்து ஒரு பிடியை எடுத்து என்னிடம் நீட்டும்படி கணவரிடம் சொன்னார். தூசியும் வைக்கோல் துரும்பும் இருந்தன. ஆனால் கையில் பிசுக்கு ஒட்டவில்லை. கையில் எடுத்ததே தெரியாத பாரம். அழுத்த உடை முடிகிற இடத்தில், கழுத்துத் தழும்பில், மெதுவாக வைத்தேன். எறும்பு ஊருமென்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதுவும் ஊரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் சூடு வந்தது. ஒவ்வொரு மயிருக்குள்ளும் காற்று நிற்கிற சிறு இடைவெளிகள் இருக்கின்றன, அதனால்தான் பாரமில்லாமலே சூடு தருகிறது, வியர்வையையும் ஈரம் தெரியாமல் வாங்கி வெளியே விடும் என்று அவர் விளக்கினார். நான் பாதிதான் கேட்டேன். கழுத்திலிருந்து கையை எடுக்க மனமில்லாமல் நின்றேன்.

அப்போதுதான் கிடாய்களின் அடைப்பிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஒரு கறுப்புக் கிடாயும் ஒரு மண்ணிறக் கிடாயும் வருடக்கணக்கில் ஒரே அடைப்பில் படுத்து எழும்பினவை. நெருப்பிலிருந்து அவர் இழுத்து வந்தவை. உரோமம் போனதும் ஒன்றையொன்று அடையாளம் தெரியவில்லை. உருவமும் மணமும் மாறினால் அப்படி நடப்பதுண்டாம். வேற்றுக் கிடாய் வந்துவிட்டது என்று கறுப்பன் பாய்ந்துவிட்டது. நாங்கள் ஓடிப் போனபோது கழுத்தோடு கழுத்தை முறுக்கி மற்றதை முழங்காலில் விழுத்தியிருந்தது. கிடாய்களுக்குச் சண்டைக்கென்றே கொக்கிபோலப் பற்கள் உண்டு. கறுப்பன் மண்ணிறத்தின் பின்தொடையைக் கடித்து உதறியது. தோல் மட்டும் இருந்த உடம்பில் இரத்தம் உடனே தெரிந்தது. காதைக் கடித்து இழுத்தபோது காது கிழிந்து தொங்கியது.

அல்பாக்கா அம்மா வேலியைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கறுப்பனின் கழுத்தைப் பிடிக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை, கை வழுக்கியது. கறுப்பன் மார்பால் இடித்து அவரைச் சேற்றில் தள்ளியது. இரண்டும் அவர்மேல் மிதித்துக்கொண்டு புரண்டன. வெட்ட வந்த ஆண்கள் அடுத்த மிருகத்தைக் கயிற்றில் நீட்டி வைத்திருந்தார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு அவர்களால் வர முடியவில்லை.

வேலியில் ஒரு பெரிய பலகை சாத்தியிருந்தது. எப்படித் தூக்கினேன் என்று தெரியாது; இரண்டு கையாலும் தூக்கினேன். இடது தோளின் ஒட்டுத்தோல் கிழிகிறதென்று நினைத்தேன். பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் என் முழுப் பாரத்தையும் போட்டு இடித்தேன். கறுப்பன் என் விலாவில் உதைத்தது. முகம் நிறையத் துப்பியது, கண் எரிந்தது. நான் தமிழில் கத்தினேன். இந்த நாட்டில் இத்தனை வருடம் யாரையும் பார்த்துச் சொல்லாத வார்த்தைகளை எல்லாம் அந்தக் கிடாயைப் பார்த்துச் சொன்னேன். போத்தல் பிடித்தவனுக்கும் படம் பிடித்தவனுக்கும் சொல்ல வேண்டியிருந்தவை. பலகையால் அதன் மார்பில் இடித்து இடித்து மூலைக்குத் தள்ளினேன். கணவர் அந்த அம்மாவின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வெளியே எடுத்தார். பிறகு மண்ணிறத்தையும் விரட்டி அப்பால் விட்டார்.

“காணும், போதும், விடும்,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. கிடாய் அடங்கித் தொழுவச் சுவரோடு நின்றது. நான் இன்னும் இடித்துக்கொண்டிருந்தேன்.

மிருக வைத்தியர் வந்து மண்ணிறத்தின் தொடையைத் தைத்தார். காதின் நுனியை வெட்டி எடுத்தார். அந்த அம்மாவுக்கு இரண்டு விலா எலும்பு வெடித்திருந்தது. எனக்கு விலாவில் நீலம் பாரித்த கண்டல் மட்டும். தோளின் தோல் கிழியவில்லை. மாலையில் தொழுவ வாசலில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

“கறுப்பனை என்ன செய்யப்போறியள்?” என்று கேட்டேன்.

“பக்கத்து வீட்டுக்காரர் சுட்டுப்போடச் சொல்லுறார். வாணம் விட்டவர்தான்.” மூச்சை மெதுவாக இழுத்து விட்டார். “அந்தாள் மன்னிப்புக் கேட்டவர். பூவும் கொண்டுவந்தவர். பூவை நான் கறுப்பனுக்குப் போட்டன்.”

கறுப்பனைக் காயடித்தார்கள். அன்றைக்கு வந்து தலையைப் பிடிக்கச் சொல்லி அல்பாக்கா அம்மா தன் மகள் மூலம் கேட்டிருந்தார். ஏலாது என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை.

கோடையில் தெரபி கிடைத்தது, இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். நூற்பாலையிலிருந்து நூல் வந்து, அதில் பின்னிய உட்சட்டை ஒன்று இலையுதிர் காலத்தில் தபாலில் வந்தது. அதற்குள் அழுத்த உடையை வேலை நேரங்களில் கழற்றி வைக்கலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். சட்டை மெல்லிசு, கறுப்பு. கறுப்பனுடைய முதுகு. அதிலும் குறைகள் உண்டு. இழுபட்டால் செம்மறிக் கம்பளிபோல மீண்டு சுருங்காது. ஒரு மாதத்தில் முழங்கைகள் தொய்ந்துவிட்டன. கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்; குளிர்ந்த நீரில் அலசித் துவாயில் விரித்துக் காயவிட வேண்டும். அந்த வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார்; உள்ளங்கையில் குறுக்கே ஓடுகிற வெள்ளைத் தழும்போடு அவர் அதைப் பிழியாமல் ஒற்றி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நாலைந்து நாள் தொடர்ந்து போட்டாலும் மணப்பதில்லை. தழும்பு அதைப் பொறுத்துக்கொண்டது.

கார்த்திகையில் வேலைக்குத் திரும்பினேன். இங்கே ஓட்டுநரின் இருக்கை இடது பக்கம். என் வெந்த தோள் யன்னல் கண்ணாடியோடு இருந்தது. குளிர் கண்ணாடி வழியாக வரும் என்று பயந்திருந்தேன். வந்தது, ஆனால் சட்டைக்கு உள்ளே வரவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில், நான் கதவை மூடிப் புறப்பட்ட பிறகு ஒருவன் ஓடிவந்தான். சமிக்ஞை சிவப்பில் நான் நின்றதும் வீதிக்குள் இறங்கி, என் பக்கத்து யன்னலில் முஷ்டியால் குத்தினான். என் தோளுக்கு அடுத்தாற்போல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம். திற என்றான். நிறுத்தத்தைத் தாண்டினால் திறக்க முடியாது. உன் நாட்டுக்குப் போ என்றான், இன்னும் சிலதும் சொன்னான். மறுபடி மறுபடி குத்தினான், கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

யன்னலைக் கொஞ்சம் இறக்கி, “அடுத்த பஸ் பத்து நிமிசத்திலை வரும்,” என்று அவனுடைய மொழியில் சொன்னேன். அவன் கண்ணாடியில் துப்பினான். சமிக்ஞையில் பச்சை விழுந்தது. ஓட்டிக்கொண்டு போனேன்.

சில நிறுத்தங்களைக் கடந்தேன். முன் இருக்கையில் இருந்த ஒரு கிழவர், காவல்துறைக்கு அடிக்கவா என்று கேட்டார். வேண்டாம், யாரையும் பிடிக்கமாட்டார்கள் என்றேன். பிறகுதான் கவனித்தேன். நான் நனைந்திருக்க வேண்டும். சட்டை ஒட்டி, குளிர்ந்து, கழுத்து விளிம்பு எரியத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. தோள் காய்ந்து, சூடாக, தன் பாட்டில் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் குழந்தைத் தள்ளுவண்டியோடு ஒரு தாய் நின்றாள். பேருந்தின் கதவுப் பக்கத்தைத் தாழச் சரித்துக் கொடுத்து, அவள் ஏறும்வரை காத்திருந்தேன்.